செத்தவீட்டுக் குரலும் ஒரு பகிடி நாடகமும்

அந்த மண்டபத்துக்குள் காலடி வைத்ததுமே எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. ரொறன்ரோவின் அஜின்கோர்ட்டில் ஒரு பிளாசாவின் பின்பக்கம், படியிறங்கிப் போகிற விழா மண்டபம் அது. முதல்நாள் யாரோ அங்கே பிறந்தநாள் கொண்டாடியிருக்க வேண்டும். ஆட்டுக்கறி மணமும் தரை கழுவிய மருந்து மணமும் ஒன்றாய்க் கலந்து நின்றன. மூலையில் பாதிக் காற்றுப்போன பலூன்களை யாரும் எடுத்தெறியவில்லை. சனிக்கிழமை பகல் பதினொரு மணிக்கு, அறுபது தாண்டிய மனுசன் ஒருவன் இங்கே என்ன செய்கிறாய் என்று யாராவது கேட்டிருந்தால் பதில் சொல்ல வெட்கப்பட்டிருப்பேன். நான் ஓடிஷனுக்கு வந்திருந்தேன்.

நத்தார், அதுதான் கிறிஸ்மஸ், விடுமுறைக்கு ஒரு தமிழ் நாடகக் குழு மேடையேற்றப்போகிற, சனத்தைச் சிரிக்கவைக்கிற பகிடி நாடகம். கதை அந்தக் காலத்து வானொலி நிலையம் ஒன்றில் நடக்கிறது. நத்தாருக்கு முதல்நாள் வெள்ளம் வந்து பாதிப்பேர் வேலைக்கு வராமல் போக, வந்து சேர்ந்த நாலைந்து பேர் ஆளுக்காள் மாறி எல்லா வேலையையும் செய்து, நேரடி ஒலிபரப்பைக் குட்டிச்சுவராக்குகிறார்கள். பாட வந்தவர் செய்தி வாசிப்பார். வாசலில் நிற்கிற காவலாளி வானொலி நாடகத்தில் கதாநாயகி ஆவார். நடுவில் தலைமை அறிவிப்பாளர் ஒருவர், எல்லாம் ஒழுங்காய்ப் போவதுபோல் கம்பீரமாய்க் கதைத்துக்கொண்டே இருப்பார். நாடகத்தின் சிரிப்பில் முக்கால்வாசி அவர் தலையில்தான். அந்தப் பாத்திரம் எனக்கு வேண்டும். அதற்காகத்தான் அந்த மணத்தையும் சகித்துக்கொண்டு உள்ளே போனேன்.

காரணம் இதுதான். ரொறன்ரோவில் ஒரு தமிழ் வானொலியில் பதினேழு வருடம் மரண அறிவித்தல் வாசித்தவன் நான். கண்ணாடி வில்லை செய்கிற தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகுமுன் காலையில் ஒரு தடவை, வேலை முடிந்து வந்து பின்னேரம் இன்னொரு தடவை. இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் ஸ்காபரோவை வதிவிடமாகவும் கொண்ட இன்னார் இறைவனடி சேர்ந்தார். அன்னார் இன்னாரின் அன்புக் கணவரும், இன்னாரின் பாசமிகு தந்தையும், இன்னாரின் அருமை மாமனாரும் ஆவார். சைவக்காரர் இறைவனடி சேர்வார்கள், வேதக்காரர் கர்த்தருக்குள் நித்திரையடைவார்கள். மற்றப்படி எல்லாருக்கும் ஒரே வாசகம், ஒரே குரல், அடியில் ஒரே வீணை. ஒருநாளும் ஒரு பெயரைப் பிழையாய் உச்சரித்ததில்லை. அதற்குக் கிடைத்த பலன், நான் வாயைத் திறந்தால் யாரோ செத்துவிட்டார்கள் என்று ஊர் முடிவுகட்டிவிட்டது.

கடையில் முருங்கைக்காய் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டால், அடுக்கிக்கொண்டிருக்கிற பெண் கையை நிறுத்திவிட்டு, "ஆர் அண்ணை மோசம் போனது?" என்பார். கலியாண வீடுகளில் வாழ்த்துச் சொல்லப் போனால் சனம் சிரித்த முகத்தை மூடிக்கொண்டு கையைக் கட்டிக்கொள்ளும். என் சொந்த மகளின் கலியாணத்தில், இங்கே பிறந்த பிள்ளை, என் காதுக்குள் வந்து, "அப்பா, ப்ளீஸ், நீங்கள் மைக்கிலை கதைக்காதேங்கோ. எவ்ரிபடி வில் கெட் சாட்" என்றாள். நான் கதைக்கவில்லை. மாப்பிள்ளையின் தகப்பன் கதைத்தார். அரைமணித்தியாலம் அறுத்தார், சனம் விழுந்து விழுந்து சிரித்தது.

வானொலியை மூடி இரண்டு வருடம் ஆகிவிட்டது. குரல் மட்டும் அப்படியே ஒட்டிக்கொண்டு நிற்கிறது. ஒரே ஒரு தடவை, மண்டபம் நிறைந்த சனம் இந்தக் குரலைக் கேட்டுச் சிரிக்க வேண்டும். அதுதான் என் ஆசை. அதற்குப் பிறகு என்னுடைய அறிவித்தலை எவன் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் வாசிக்கட்டும்.

வாசலில் ஒரு படிவம் தந்தார்கள். நாலு பக்கம். நீச்சல் தெரியுமா என்றுகூட ஒரு கேள்வி. கடைசிக் கேள்வி, 'எத்தனை டிக்கெட் விற்றுத் தருவீர்கள்?' நடிப்பைப் பார்க்கமுன் அதைப் பார்ப்பார்கள் என்று சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். சீ என்றிருந்தது. நூறு என்று பொய் எழுதிக் கொடுத்தேன்.

இயக்குநர் காப்புறுதி முகவர். ஹீட்டர் கொதிக்கிற மண்டபத்துக்குள் கழுத்தில் கம்பளிச் சால்வை சுற்றிக்கொண்டு, "நாங்கள் இதைப் புரொபெஷனலாச் செய்யப்போறம்" என்று வருகிற ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். என்னோடு அதே பாத்திரத்துக்கு வந்திருந்தவர் வீடு விற்கிற ஒரு முகவர். பஸ் நிறுத்தப் பெஞ்சுகளில் இவருடைய முகம் பல்லைக் காட்டிக்கொண்டு இருக்கும், நாங்கள் அதில் சாய்ந்துகொண்டுதான் பஸ்ஸுக்குக் காத்திருப்போம். மனுசன் சொந்தமாக மைக் கொண்டுவந்திருந்தார். மற்றவர்களும் சளைத்தவர்கள் இல்லை. அந்தக் காலத்து அறிவிப்பாளர் என்றால் நெஞ்சை நிமிர்த்தி, வயிற்றுக்குள்ளிருந்து முனக வேண்டும் என்று யார் இவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியவில்லை. சுவருக்குச் சுவர் நின்று முனகிக்கொண்டிருந்தார்கள். மாட்டுக்கொட்டிலுக்குள் வந்துவிட்டேனோ என்று பட்டது.

எனக்குப் பிடித்தது ஒரு மேசை மட்டும்தான். சத்தம் எழுப்புகிற சாமான்களை அதில் பரப்பி வைத்திருந்தார்கள்: இடி முழக்கத் தகரத் தகடு, குதிரை ஓட இரண்டு தேங்காய்ச் சிரட்டை, மழை பெய்யப் புடைக்கிற சுளகும் கொஞ்சம் அரிசியும். பழைய வானொலிக்காரர் செய்த வேலையில் ஒரு நேர்மை இருந்தது. ஆனால் நான் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே ஒருவர் வந்து மட்டன் ரோல்ஸ் தட்டத்தைச் சுளகின்மேல் வைத்துவிட்டு, எண்ணெய்க் கையால் சிரட்டையைத் தட்டிப் பார்த்தார். நான் அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிட்டேன்.

அப்போது ஒரு பெண் அளவுநாடாவோடு வந்தார். உடுப்பு தைப்பது அவர்தானாம். ஐம்பது வயது இருக்கும், மெலிந்த உருவம், வாயில் இரண்டு குண்டூசி. யாருக்கு எந்தப் பாத்திரம் என்று தெரியமுன்னமே எல்லாருக்கும் அளவெடுக்கச் சொல்லியிருந்தார்கள். இது எந்த ஊர்ப் புரொபெஷனல் என்று நான் முணுமுணுத்தேன். அவர் தோளை அளந்தார், கையை அளந்தார், ஒரு கொப்பியில் எழுதினார். குண்டூசியை எடுத்துவிட்டு, "உங்கடை குரல் எனக்குத் தெரியும் அண்ணை. ரேடியோவிலை கேட்டிருக்கிறன்" என்றார்.

எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. அவ்வளவு பேர் மத்தியில் ஒரு நேயர். "நன்றி தங்கச்சி" என்று அறிவிப்பாளர் தோரணையில் தலையைச் சரித்தேன். அவர் அடுத்தவரிடம் போனார்.

என் முறை வந்தது. மூன்று பேர் மேசை போட்டு இருந்தார்கள், மற்றவர்கள் பின்னால் கதிரைகளில். எனக்குத் தந்த வசனம் இது: "நேயர்களே, சிறிய தடங்கலுக்கு வருந்துகிறோம். நமது பாடகர் இப்போது கூரையின்மேல் இருக்கிறார். தண்ணீர் வடிந்ததும் அவர் பாடுவார்." நான் வாசித்தேன். பகிடிக்கு எவ்வளவு துள்ளல் வேண்டுமோ அவ்வளவு போட்டுத்தான் வாசித்தேன். மண்டபம் அடங்கிவிட்டது. தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த வயதான அன்ரி கேத்திலைக் கீழே வைத்துவிட்டு நெஞ்சில் கை வைத்தார். "ஐயோ, பாவம்" என்றார். இயக்குநர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். பாடகருக்காக ஒரு நிமிட மௌனம் அனுட்டிக்கிறார்களோ என்று நினைத்தேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தச் சனத்துக்கு நடுவில் நின்று வாசிக்க வந்த என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும் போலிருந்தது.

வீட்டு முகவர் பின்னால் இருந்து மெல்லச் சிரித்தார். என்னைத்தான். அதுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று சொல்ல எனக்கு ஆசை. ஆனால் அவர் சிரிக்காமல் விட்டிருந்தாலும் நான் அடுத்ததைச் செய்திருப்பேன்.

இயக்குநர் நிமிர்ந்து, "அண்ணை, நீங்கள் அறிவித்தல் வாசிச்ச ஆள்தானே. அதுக்குள்ளை பகிடி ஒண்டும் நடக்கேல்லையோ? சும்மா கதையுங்கோ பாப்பம்" என்றார்.

நடக்காமல் என்ன! எங்கள் ஆட்களுக்குச் செத்தவீடு என்பது பாதி அழுகை, பாதி வழக்கு. அறிவித்தலில் யார் பெயர் முதல், யார் பெயர் பின், யாருக்குப் 'பாசமிகு', யாருக்கு வெறும் 'மகன்' என்று பிரேதம் குளிர்ப்பெட்டிக்குள் இருக்க வெளியே சண்டை நடக்கும். நான் கதைக்கத் தொடங்கினேன். ஒரு குடும்பம் கதைபேச்சில்லாத மச்சான் ஒருவரைக் 'காலஞ்சென்ற' என்று போட்டுத் தந்தது. காலையில் நான் வாசித்து ஐந்து நிமிடத்தில் அந்த மச்சானே தொலைபேசியில் வந்தார். "அண்ணை, நான் உயிரோடைதான் இருக்கிறன். ஆனா பின்னேரமும் அப்பிடியே வாசியுங்கோ, அவையளின்ரை செத்தவீட்டுக்குப் போகாமல் இருக்கலாம்."

ஒருவர் சிரித்தார். பிறகு நாலு பேர். தேத்தண்ணி அன்ரி முந்தானையால் வாயைப் பொத்தினார். அந்தச் சத்தம் என் காதில் விழுந்ததும் எனக்குள் என்னவோ அவிழ்ந்துவிட்டது. பதினேழு வருடம் பட்டினி கிடந்தவனுக்கு முன்னால் சோற்றை வைத்ததுபோல் ஆகிவிட்டேன். இன்னும் வேண்டும் என்றிருந்தது. கையில் இருந்ததெல்லாம் முடிந்தபிறகு, ஒருவருக்கும் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றை எடுத்தேன்.

ஒரு தகப்பன் மோசம் போனார். மகன்மார் இரண்டு பேர் அறிவித்தல் தந்தார்கள், நான் காலையில் வாசித்தேன். பாட்டுப் போய்க்கொண்டிருக்கையில் ஒரு பெண் தொலைபேசியில் வந்தார். மூன்றாவது பிள்ளை தானாம். வீட்டாருக்குப் பிடிக்காத கலியாணம் செய்ததால் தன் பெயரை அண்ணன்மார் விட்டுவிட்டார்களாம். பின்னேரம் வாசிக்கையில் தன் பெயரையும் ஒருக்கால் சேர்த்து வாசிக்கட்டாம். அவருடைய அழுகைதான் விசேஷம். நல்ல பழக்கமாய் வளர்ந்த பெண். ஒவ்வொரு விக்கலுக்கும் நடுவில் மன்னிப்புக் கேட்பார். நான் கைமுட்டியைக் காதில் வைத்துத் தொலைபேசியாக்கினேன். சட்டைப்பையிலிருந்த லேஞ்சியை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டேன். குரலை மெலிதாக்கினேன்.

"குறை நினைக்காதேங்கோ அண்ணை... என்ரை அப்பா... குறை நினைக்காதேங்கோ... ஒரு பெயர்தானே அண்ணை... குறை நினைக்காதேங்கோ, உங்களுக்கு வேலை நேரமாக்கும்..."

பிறகு லேஞ்சியை எடுத்துவிட்டு என் செத்தவீட்டுக் குரலில், "இது மரண அறிவித்தல் பகுதி தங்கச்சி. விடுபட்டவர்கள் பகுதி நாளைக் காலை" என்றேன்.

மண்டபம் வெடித்தது. இயக்குநர் மேசையில் அடித்தார். வீட்டு முகவர் கண்ணைத் துடைத்தார். அவரே சிரித்துவிட்டார் என்றதும் எனக்குக் கால் நிலத்தில் இல்லை. சுற்றிவரப் பார்த்தேன், ஒவ்வொரு முகமாக. சிரிக்காதது ஒரே ஒரு முகம். தைக்கிற பெண் அளவுநாடாவைச் சுருட்டிக்கொண்டு நின்றார். பாதி சுருட்டினபடி, மிச்சம் நிலத்தில் கிடந்தது. சிரிக்கத் தெரியாத ஜென்மம் என்று மனதுக்குள் திட்டிவிட்டு மற்றப் பக்கம் திரும்பினேன்.

வெளியே வந்து காரில் ஏறி, சூடு பிடிக்கட்டும் என்று காத்திருந்தேன். கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்து நானே சிரித்துக்கொண்டிருந்தேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். யன்னலில் யாரோ தட்டினார்கள். அந்தப் பெண்தான். கழுத்தளவு எடுக்க மறந்துபோனார் என்று நினைத்து யன்னலை இறக்கினேன்.

"குறை நினைக்காதேங்கோ அண்ணை" என்றார்.

அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லத் தேவையிருக்கவில்லை. அதே இழுவை, அதே இடத்தில் ஒரு சின்ன மூச்சு.

"நான் வழக்குப் பேச வரேல்லை. அப்பா போய் ஒன்பது வருசம். ஸ்டேஷன் சட்டம் எண்டு அண்டைக்குச் சொன்னியள், நானும் சரி எண்டு விட்டிட்டன். ஒரு பெயர் வாசிக்க உங்களுக்கு ஏலாமல் போச்சு. ஆனா நான் அழுததை ஒரு சொல்லும் விடாமல் வச்சிருக்கிறியளே அண்ணை."

"நாடகத்திலை அது வராது தங்கச்சி" என்றேன். "நான் பாத்துக்கொள்ளுறன். வராது."

அவர் தலையாட்டிவிட்டு பஸ் நிறுத்தத்துக்குப் போனார். அங்கே பெஞ்சில் வீட்டு முகவரின் முகம் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. அவர் அதில் இருக்கவில்லை, பக்கத்தில் நின்றார். டோர்செட் பார்க் பக்கம் போகிற பஸ் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போகும்வரைக்கும் நான் காரை எடுக்கவில்லை. ஏறுங்கோ, கொண்டுபோய் விடுறன் என்று சொல்லவும் இல்லை.

ஸ்டேஷன் சட்டம் என்று ஒன்று இருக்கவில்லை. அதை இங்கே எழுதிவிடுகிறேன். ஒலிபரப்பு அறைக்குள் நான் தனியே இருந்தேன். பின்னேரம் அந்த ஒரு பெயரைச் சேர்த்து வாசித்திருந்தால் யாரும் என் கையைப் பிடித்திருக்க மாட்டார்கள். மிஞ்சிப்போனால் அண்ணன்மார் தொலைபேசியில் கத்தியிருப்பார்கள். அந்தக் கத்தலைக் கேட்க எனக்குப் பஞ்சியாக, சோம்பலாக இருந்தது. அதனால் ஒரு சட்டத்தை அந்த இடத்திலேயே உண்டாக்கிச் சொன்னேன். தொலைபேசியை வைத்தபிறகு, இசைத்தட்டுப் போடுகிறவர் உள்ளே வந்ததும், அந்தப் பெண் அழுத விதத்தை அவருக்கு ஒருக்கால் செய்து காட்டினேன். அன்றைக்கே அவர் சிரித்தார். மண்டபத்தில் செய்தது இரண்டாம் தடவை.

திங்கட்கிழமை இயக்குநர் தொலைபேசி எடுத்தார். பாத்திரம் எனக்குத்தான். அந்தத் தொலைபேசிக் காட்சியை நாடகத்துக்குள் எழுதிச் சேர்த்துவிட்டாராம்.

"அதை எடுத்துவிடுங்கோ" என்றேன். "வேறை பகிடி தாறன்."

"என்ன அண்ணை விசர்க்கதை கதைக்கிறியள்? இப்ப அதுதான் நாடகமே."

இரண்டு நாள் கெஞ்சிப் பார்த்தேன், ஒரு நாள் கோபப்பட்டுப் பார்த்தேன். அசையவில்லை. அப்படியென்றால் நான் நடிக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். சொன்னபிறகு ஒரு கிழமை மில்லிக்கனில் என் வீட்டுக்குள் பெரிய தியாகி மாதிரி நடந்து திரிந்தேன். மகளுக்கும் எடுத்துச் சொன்னேன், அவள் "வாவ், அப்பா" என்றாள். அந்தப் பெண்ணுக்கு மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. காட்சி நாடகத்தில் இருக்கிறது, என்னால் நிறுத்த முடியவில்லை என்று சொல்ல வேண்டியிருந்திருக்கும். இயக்குநரிடம் கேட்டால் நம்பர் தந்திருப்பார். நான் கேட்கவில்லை.

நாடகம் ஒரு உயர்நிலைப் பாடசாலை மண்டபத்தில் நடந்தது. டிக்கெட் வாங்கிக்கொண்டு தனியே போனேன். படுதோல்வி அடையும், கண்ணாரப் பார்க்கலாம் என்றுதான் போனேன். பக்கத்துக் கதிரையில் தேத்தண்ணி அன்ரி வந்து இருந்தார். தைக்கிற பெண்ணை எங்கேயும் காணவில்லை. உடுப்புகளை முதல்நாளே கொடுத்துவிட்டு, காய்ச்சல் என்று சொல்லிப் போய்விட்டதாக அன்ரிதான் சொன்னார்.

திரை விலகியதும் வீட்டு முகவர் வந்தார். நீலக் கோட். தோள் இரண்டு பக்கமும் தொங்கியது, வயிற்றில் பொத்தான் பூட்டுப்படவில்லை. ஏன் என்று எனக்கு உடனே விளங்கியது. அது என் அளவுக்குத் தைத்த கோட். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகும், என் தோளுக்கு, வடிவாக, ஒரு மடிப்புப் பிசகாமல் தைத்திருக்கிறார். எனக்கு அந்தக் கதிரையிலிருந்து எழும்பி ஓட வேண்டும் போலிருந்தது. ஓடவில்லை. நாடகம் வேறு மோசமில்லாமல் போய்க்கொண்டிருந்தது, அது இன்னும் எரிச்சலைத் தந்தது.

இரண்டாம் பாதியில் அந்தக் காட்சி வந்தது. வீட்டு முகவர் முட்டியைக் காதில் வைத்தார். லேஞ்சியைத் தலையில் போட்டார். குறை நினைக்காதேங்கோ அண்ணை. நான் செய்ததை அப்படியே, கை அசைவு முதற்கொண்டு, பிரதி எடுத்திருந்தார். சனம் கதிரையில் இருந்து புரண்டது. முன்வரிசையில் ஒருவர் சிரித்துச் சிரித்து இருமத் தொடங்கினார். அந்தப் பெண்ணின் தகப்பன் செத்த காலை நேரம், அவ்வளவு பேர் வாய்க்குள்ளும் ரோல்ஸ் மாதிரி அரைபட்டுக்கொண்டிருந்தது. எல்லார்மீதும் எனக்கு அருவருப்பாக இருந்தது.

அன்ரி கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் சரிந்தார். "அந்தாள் அப்பிடியே உம்மை மாதிரிச் செய்யுது, என்ன தம்பி?"

அதைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் சந்தோஷம் பரவியது. மண்டபம் நிறைந்த சனம் என் பகிடிக்குச் சிரிக்கிறது, அது என்னுடையது என்று ஒருவருக்காவது தெரிந்திருக்கிறது. அதைவிடக் கேவலமான ஒரு சந்தோஷத்தை என் ஆயுளில் நான் அனுபவித்ததில்லை, அது எனக்கு அந்த நிமிடமே தெரிந்தது. தெரிந்தும் வாய் சும்மா இருக்கவில்லை.

"எங்கை அன்ரி" என்றேன். "அந்த விக்கல் வாற இடம் அவருக்குச் சரியா வரேல்லை. நான் செய்திருந்தால் இன்னும் சிரிச்சிருப்பியள்."